இரவு இரண்டு மணிக்கு யாரை அழைப்பது? உறைவிட மருத்துவர்களின் தேர்வும் பயிற்சியும் நோயாளிகளின் பாதுகாப்பும்: முழுமையான வழிகாட்டி

நள்ளிரவு கடந்து இரண்டு மணி. பணியில் சேர்ந்து மூன்று வாரமே ஆன உறைவிட மருத்துவர் (மருத்துவமனையில் பணிசெய்தபடியே பயிற்சி பெறும் இளநிலை மருத்துவர்) ஒருவர் வார்டில் தனியாக இருக்கிறார். செவிலியர் வந்து, "பதினான்காம் படுக்கை நோயாளியை ஒரு முறை பார்த்துவிடுங்கள் டாக்டர், மாலையில் இருந்ததுபோல இல்லை" என்கிறார். போய்ப் பார்த்தால் நோயாளி விழித்திருக்கிறார். கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்கிறார். மூச்சு நிமிடத்துக்கு 24, நாடித்துடிப்பு 112, மேல் ரத்த அழுத்தம் 104, காய்ச்சல் 38.4 டிகிரி செல்சியஸ், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 95 விழுக்காடு. ஒவ்வொன்றையும் தனியே எடுத்தால் பதற வேண்டியதாக எதுவும் தெரியவில்லை. இந்த நேரத்தில் மூத்த மருத்துவரை எழுப்புவதா, காலை ரவுண்ட்ஸ் வரை பொறுப்பதா?

அவர் தொலைபேசியை எடுப்பாரா மாட்டாரா என்பது அந்த நிமிடத்தில் முடிவாகும் விஷயம் அன்று. அவரை எப்படித் தேர்ந்தெடுத்தோம், முதல் வாரத்தில் என்ன காட்டினோம், மாலையில் பணியை ஒப்படைத்தவர் என்ன சொல்லிச் சென்றார், அவர் பொறுப்பில் எத்தனை நோயாளிகள் இருக்கிறார்கள், கடந்த முறை அழைத்தபோது என்ன பதில் கிடைத்தது என்று பல மாதங்களாக நடந்தவை எல்லாம் சேர்ந்து அதை முன்பே முடிவு செய்துவிட்டிருக்கின்றன. மருத்துவமனைகளில் ஆள் தேர்வு ஓர் அலுவலகத்திலும், கல்வி இன்னொரு குழுவிடமும், நோயாளி பாதுகாப்பு மூன்றாவது ஒரு கோப்பிலும் கிடப்பதை நான் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறேன். மூன்றும் ஒரே வேலை என்பதே என் உறுதியான கருத்து. அந்த இரவு அழைப்பு எளிதாக நடக்கும்படி ஒரு துறையைக் கட்டுவது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இவ்வழிகாட்டியின் நோக்கம்.

படி 1: இடங்களை எண்ணுவதற்கு முன் வேலையை எண்ணுங்கள்

இளநிலை மருத்துவர்கள் மருத்துவமனைக் கட்டடத்திலேயே தங்கி, நோயாளிகளைப் பார்த்தபடியே கற்றுக்கொள்ளும் முறை, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889இல் திறக்கப்பட்ட பின் வில்லியம் ஆஸ்லர், வில்லியம் ஹால்ஸ்டெட் போன்றவர்களால் ஒழுங்கான வடிவம் பெற்றது. அங்கேயே 'உறைந்ததால்' உறைவிட மருத்துவர். அன்று முதல் இன்று வரை ஒரு குழப்பம் மட்டும் தீரவில்லை: இவர் மாணவரா, பணியாளரா? இரண்டும்தான். ஆனால் டியூட்டிப் பட்டியலில் காலியாக இருக்கும் கட்டங்களை நிரப்புவதற்காக மட்டும் இடங்களைக் கூட்டினால், மாணவர் என்ற பாதி சத்தமில்லாமல் மறைந்துவிடுகிறது.

ஆகவே, ஆள் எடுக்கத் தொடங்கும் முன் மூன்று கணக்குகளைப் போடுங்கள். ஒரு சாதாரண இரவில் ஒருவர் எத்தனை நோயாளிகளுக்குப் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது? பயிற்சிக் காலம் முடிவதற்குள் ஒவ்வொருவருக்கும் தேவையான செய்முறைகளைச் செய்து பழகும் அளவுக்கு நோயாளிகள் வருகிறார்களா? பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்க நேரம் ஒதுக்கப்பட்ட மூத்த மருத்துவர்கள் எத்தனை பேர்? மூன்றாவது எண்தான் பெரும்பாலும் மிகச் சிறியதாக இருக்கும். அதுவே இடங்களின் உச்சவரம்பாகவும் இருக்க வேண்டும். எஞ்சும் எழுத்து வேலைகளுக்கும் மாதிரிகளை ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்லும் வேலைகளுக்கும் மருத்துவரல்லாத பணியாளர்களை நியமிப்பதே முறை.

படி 2: தேர்வு

அகில நாட்டுத் தேர்வின் தரவரிசைப்படி இடம் ஒதுக்கப்படும் முறையில் மருத்துவமனைக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை குறைவு. அத்தகைய இடங்களில் இந்தப் படிக்குச் செலவிட வேண்டிய உழைப்பு முழுவதையும் அடுத்த படிக்கு மாற்றிவிடலாம். நேர்காணல் நடத்தும் இடங்களுக்கு மட்டும் சில சொற்கள்.

வருபவரோடு பத்து நிமிடம் பொதுவாகப் பேசிவிட்டு, "நல்ல பிள்ளை, எடுக்கலாம்" என்று முடிவு செய்யும் நேர்காணல் பெரும்பாலும் நேர்காண்பவரின் விருப்பு வெறுப்புகளைத்தான் அளக்கிறது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, எது நல்ல பதில் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்து, ஒவ்வொருவரும் தனித்தனியே மதிப்பெண் இட்ட பிறகே கலந்து பேச வேண்டும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2004இல் வெளியான குறு நேர்காணல் முறை இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. விண்ணப்பதாரர் பல சிறு அறைகளுக்கு வரிசையாகச் செல்கிறார். ஒவ்வோர் அறையிலும் வேறொரு சூழலும் வேறொரு மதிப்பீட்டாளரும் இருப்பதால், ஒருவரின் முதல் அபிப்பிராயம் முழு முடிவையும் இழுத்துச் செல்வதில்லை.

கேள்விகளில் ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள்: "நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள். அதை முதலில் யாரிடம், எவ்வளவு நேரம் கழித்துச் சொன்னீர்கள்?" தவறே செய்ததில்லை என்பவரைவிட, தயங்கியேனும் நடந்ததை நடந்தபடி சொல்பவரை நான் நம்புகிறேன், அந்த இரவு இரண்டு மணிக்கு அழைக்கப் போகிறவர் அவர்தான். அதே நேர்மை நம் பக்கமும் வேண்டும். இப்போது பணியிலிருக்கும் உறைவிட மருத்துவர்களோடு, பேராசிரியர்கள் யாரும் இல்லாத அறையில், விண்ணப்பதாரர்கள் அரை மணி நேரம் பேசட்டும். அந்த அரை மணி நேரத்துக்கு ஒரு துறை அஞ்சுகிறதென்றால் அந்த அச்சத்தின் காரணத்தைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

விண்ணப்பதாரரின் விருப்ப வரிசையையும் மருத்துவமனையின் விருப்ப வரிசையையும் பொருத்திப் பார்த்து இடம் ஒதுக்கும் முறை அமெரிக்காவில் 1952இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன், நல்ல மாணவர்களைப் பிடித்துவிட வேண்டும் என்ற போட்டியில், படிப்பு முடிய இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே மருத்துவமனைகள் இடம் தர முன்வந்தன. யோசிக்கவும் நேரம் தராமல் உடனே பதில் கேட்டன. இத்தகைய பொருத்தம் எப்போது நிலைத்து நிற்கும் என்பதற்கான கணிதத்தை டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் 1962இல் எழுதினார்கள்; அமெரிக்க முறையை 1990களின் இறுதியில் மறுவடிவமைத்த ஆல்வின் ராத்தும் ஷாப்லியும் 2012இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த மறுவடிவமைப்பு விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்து தொடங்கும் கணக்கு. ஆகவே விண்ணப்பிப்பவர்களுக்கு என் அறிவுரை எளிமையானது: எங்கே இடம் கிடைக்கும் என்று ஊகிக்காமல், உண்மையில் எங்கே கற்க விரும்புகிறீர்களோ அந்த வரிசையிலேயே எழுதுங்கள்.

படி 3: முதல் வாரம்

புதியவர்கள் எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்து, தேறியவர்கள் எல்லோரும் ஒரே நாளில் விடைபெறும் ஏற்பாடு பல நாடுகளில் இருக்கிறது. இங்கிலாந்தில் அது ஆகஸ்ட் மாதத்தின் முதல் புதன்கிழமை. அன்று அவசரமாக அனுமதிக்கப்பட்ட நோயாளிகளை முந்தைய வாரப் புதன்கிழமை அனுமதிக்கப்பட்டவர்களோடு ஒப்பிட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, வயது, நோய் முதலியவற்றைச் சரிக்கட்டிய பிறகும், இறப்பு வாய்ப்பு சுமார் 6 விழுக்காடு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. 2012 முதல் அங்கே, புதிய மருத்துவர்கள் பொறுப்பேற்கும் முன் குறைந்தது நான்கு நாட்கள், ஊதியத்துடன், அந்தப் பணியை அப்போது செய்துகொண்டிருப்பவரின் கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்ற விதி வந்தது.

அந்த நான்கு நாட்களை எந்த மருத்துவமனையும் ஒதுக்கலாம். அதில் ஒன்றாவது இரவாக இருக்கட்டும், ஏனெனில் பகலில் பத்து பேர் நிற்கும் வார்டும் இரவில் இருவர் மட்டும் நிற்கும் வார்டும் வேறு வேறு இடங்கள். கணினிக் கடவுச்சொல், அடையாள அட்டை, அவசர அழைப்பு எண்கள் மூன்றும் முதல் நாள் காலையிலேயே கையில் இருக்க வேண்டும். வார்டில் உயிர்காப்பு மருந்துகளும் கருவிகளும் வைத்திருக்கும் அவசரத் தள்ளுவண்டியைத் தொலைவிலிருந்து சுட்டிக்காட்டிவிட்டுப் போகாமல், அவரையே திறக்கச் சொல்லுங்கள். அட்ரினலின் எந்த இழுப்பறையில், தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு எரிகிறதா, உறிஞ்சு கருவி எப்படி இயங்குகிறது என்று அவருடைய விரல்கள் அறிந்திருக்க வேண்டும். முதல் மாதத்தில் மூத்த மருத்துவர்களின் விடுப்பைக் குறைத்து, புதியவர்களைக் கூடுமானவரை இரண்டு மூன்று தொகுதிகளாகச் சேர்ப்பதும் செலவில்லாத பாதுகாப்பு.

சென்ட்ரல் லைன் (பெரிய ரத்த நாளத்துக்குள் செலுத்தும் குழாய்) போடுதல், சுவாசக் குழாய் செலுத்துதல், முதுகுத் தண்டு நீர் எடுத்தல் போன்றவற்றை முதன்முதலாக ஒரு நோயாளியின் உடலில் செய்து பழகும் காலம் போய்விட்டது. மாதிரி உருவத்தில் செய்து, ஒவ்வொரு நிலையும் பிசகாமல் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்து, அதன்பின்பே வார்டுக்கு வர வேண்டும். "பத்து முறை செய்தார்" என்ற எண்ணிக்கை இங்கே அளவுகோல் ஆகாது. "பிசகாமல் செய்தார்" என்பதே அளவுகோல்.

படி 4: மேற்பார்வை

1984ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நியூயார்க் நகர மருத்துவமனை ஒன்றில், காய்ச்சலோடும் உடல் உதறலோடும் இரவில் சேர்க்கப்பட்ட 18 வயது மாணவி ஒருவர் மறுநாள் காலையில் இறந்துபோனார். அவர் ஏற்கெனவே ஃபெனல்சின் என்ற மனச்சோர்வு மருந்தை உட்கொண்டிருந்தார். அதனோடு சேரவே கூடாத பெத்திடின் அன்றிரவு அவருக்குச் செலுத்தப்பட்டது. பார்த்துக்கொண்டவர்கள் இருவரும் பயிற்சி மருத்துவர்கள். மூத்த மருத்துவரோடு தொலைபேசியில் மட்டும் பேசினார்கள். முதலாண்டு மருத்துவரின் பொறுப்பில் வேறு பல நோயாளிகளும் இருந்தார்கள். இதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட பெல் குழுவின் பரிந்துரைகள் 1989இல் நியூயார்க் மாநில விதிகளாயின. வாரத்துக்கு 80 மணி நேரம், தொடர்ச்சியாக 24 மணி நேரம் என்ற வரம்புகளை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த விதிகளின் இன்னொரு பாதி, அனுபவமுள்ள மருத்துவர் மருத்துவமனையிலேயே இருந்து மேற்பார்வை செய்ய வேண்டும் என்பது. குழுவின் தலைவர் பெர்ட்ரண்ட் பெல் பின்னாளில் மேற்பார்வையே முதன்மை என்று வலியுறுத்திவந்தார். மணிக் கணக்கு எளிதில் எண்ணக்கூடியது, மேற்பார்வை அப்படியன்று. எண்ண முடியாதது மறக்கப்பட்டது.

மேற்பார்வையை எழுத்தில் கொண்டுவர ஒரு நல்ல வழி இருக்கிறது. நெதர்லாந்தின் மருத்துவக் கல்வியாளர் ஓலே டென் கேட் 2005இல் முன்வைத்த கருத்து இது: "இவர் இரண்டாமாண்டு, ஆகவே இதைச் செய்யலாம்" என்று ஆண்டைப் பார்த்து முடிவு செய்யாமல், ஒவ்வொரு பணியாக எடுத்து, அதை இவரை நம்பி எந்த அளவுக்கு ஒப்படைக்கலாம் என்று தீர்மானியுங்கள். நிலைகள் ஐந்து. முதலில் பார்க்க மட்டும் செய்யலாம். அடுத்து, மூத்தவர் பக்கத்தில் நிற்கச் செய்யலாம். பிறகு, கூப்பிட்ட உடனே வந்துவிடும் தொலைவில் மூத்தவர் இருக்கச் செய்யலாம். நான்காவதாக, தாமாகவே செய்யலாம். கடைசியில், பிறருக்கு மேற்பார்வையும் செய்யலாம். ஒரே மருத்துவர் மூச்சுத்திணறலோடு வருபவரைக் கையாள்வதில் நான்காம் நிலையிலும், நெஞ்சறையில் குழாய் போடுவதில் இரண்டாம் நிலையிலும் இருப்பது இயல்பு. இந்த நிலைகளை ஒரு தாளில் எழுதிச் செவிலியர் மேசையில் வையுங்கள். "டாக்டர், இதற்கு மேடம் பக்கத்தில் இருக்க வேண்டும் அல்லவா?" என்று செவிலியர் கேட்பதற்கு அந்தத் தாள் ஆதரவாக நிற்கும்.

நிலையை உயர்த்துவது ஆண்டிறுதி மதிப்பெண்ணைப் பார்த்து நடக்கக் கூடாது. மூத்தவர் நோயாளியின் பக்கத்திலேயே நின்று, இளையவர் விசாரிப்பதையும் பரிசோதிப்பதையும் பதினைந்து நிமிடம் குறுக்கிடாமல் பார்த்து, உடனே ஐந்து நிமிடம் பேச வேண்டும். "நன்றாகச் செய்தாய்" என்பது கருத்துரை ஆகாது. "வயிற்றை அழுத்தும்போது நீ நோயாளியின் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் இரண்டு முறை முகம் சுளித்தார்" என்பது கருத்துரை. இத்தகைய பதினைந்து நிமிடங்கள் மாதத்துக்கு இரண்டு முறையாவது ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டும்.

அடுத்தது, அழைத்தே தீர வேண்டிய நிலைகளின் பட்டியல். மனம் இருந்தால் அழைக்கலாம் என்று விட்டுவிடாமல், இந்த நிலைகளில் அழைக்காமலிருப்பதுதான் விதிமீறல் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்ற வேண்டியவர், எதிர்பாராத மரணம், அறுவை சிகிச்சைக்குப் பின் நிற்காத ரத்தக்கசிவு, மருந்துத் தவறு, உயிர்காப்பு முயற்சியை நிறுத்துவது பற்றிய எந்த முடிவும், செவிலியருக்கும் மருத்துவருக்கும் கருத்து வேறுபடும் எந்த நோயாளியும், மருத்துவ ஆலோசனையை மீறி வீட்டுக்குப் போக விரும்புகிறவரும் அதில் இருக்கட்டும். கூடவே ஒரு எண்ணும் இருக்கட்டும்.

எண் என்று நான் சொல்வது, லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண்ணை. பதினான்காம் படுக்கைக்குத் திரும்புவோம். மூச்சு 24 என்றால் 2 மதிப்பெண். நாடித்துடிப்பு 112, இன்னொரு 2. மேல் ரத்த அழுத்தம் 104, காய்ச்சல் 38.4, ஆக்சிஜன் 95 ஆகிய மூன்றுக்கும் தலா 1. கூட்டினால் 7. மொத்தம் 5 ஆனாலே மருத்துவர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும். 7 என்றால் தீவிர சிகிச்சைத் திறனுள்ள குழு உடனே வர வேண்டும் என்பது அந்த முறையின் விதி. தனித்தனியே பார்த்தபோது பதறத் தேவையில்லை என்று தோன்றிய ஐந்து எண்கள், சேர்ந்தபோது அவசர அழைப்பாகிவிட்டன. தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினையாற்றி உறுப்புகளைப் பாதிக்கும் செப்சிஸ் இப்படித்தான் ஓசையின்றி வருகிறது. புதியவருக்கு இன்னும் வாய்க்காத அனுபவத்தை இந்த எளிய கூட்டல் ஓரளவு ஈடு செய்கிறது. மதிப்பெண் குறைவாக இருந்தும் செவிலியர் கவலைப்பட்டால், அந்தக் கவலையே அழைப்பதற்குப் போதுமான காரணம் என்பதையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

ஆனால் எந்தப் பட்டியலும், மறுமுனையில் எடுப்பவரின் குரலை வெல்ல முடியாது. என் முதலாண்டுப் பயிற்சியில் ஓர் இரவு, பொட்டாசியம் சற்றுக் கூடுதலாக இருந்த ஒருவரைப் பற்றி மூத்த மருத்துவரிடம் கேட்டேன். "இதற்கெல்லாமா கூப்பிடுவது?" என்ற ஒரே வரியோடு இணைப்பு துண்டிக்கப்பட்டது. அந்த நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த மூன்று வாரம் நான் யாரையும் அழைக்கவில்லை. அந்த மூன்று வாரத்தில் அழைத்திருக்க வேண்டிய இரவுகள் இருந்தன என்பதை இன்று நினைத்தாலும் மனம் கனக்கிறது. ஆகவே மூத்தவர்களுக்கும் பயிற்சி தேவை. தொலைபேசியை எடுத்ததும் முதல் சொல் "கூப்பிட்டது நல்லது, சொல்லுங்கள்" என்றிருக்கட்டும். இறுதிக் கேள்வி "நான் வர வேண்டுமா?" என்று இருக்க வேண்டாம், ஏனெனில் "வேண்டாம் சார்" என்பதைத் தவிர வேறு பதிலை அது எதிர்பார்ப்பதில்லை. "எதைப் பார்த்தால் மறுபடி கூப்பிடுவீர்கள்?" என்று கேளுங்கள்.

அழைப்பவரும் ஒழுங்காகச் சொல்லப் பழக வேண்டும்: இப்போதைய நிலை, பின்னணி, என் கணிப்பு, என் கோரிக்கை என்ற நான்கு வரிகள். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றிய இந்த ஒழுங்கு மருத்துவமனைகளுக்கு நன்றாகவே பொருந்தியது. நான்காவது வரிதான் இளையவர்களுக்குக் கடினம். "சார், நீங்கள் வந்து பார்க்க வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்வதை வகுப்பறையிலேயே பழக்கிவிடுங்கள்.

படி 5: பணி ஒப்படைப்பு

மாலை எட்டு மணிக்கு ஒருவர் கிளம்புகிறார், இன்னொருவர் வருகிறார். "பதினான்கு ஒன்றும் இல்லை, நிமோனியா, ஆன்டிபயாடிக் போகிறது, பார்த்துக்கொள்" என்று நடைவழியில் சொல்லி முடித்துவிடுவது ஒரு வகை. இப்படிச் சொல்வது இன்னொரு வகை: "பதினான்கு, கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியவர். 63 வயது, சர்க்கரை நோயாளி, நேற்று நிமோனியாவோடு வந்தவர். லாக்டேட் பரிசோதனை முடிவு பத்து மணிக்கு வரும், நீங்கள் பார்க்க வேண்டும். மூச்சு 22ஐத் தாண்டினாலோ ரத்த அழுத்தம் 110க்குக் கீழே இறங்கினாலோ ரத்த கல்ச்சர் மறுபடி எடுத்து, மேடத்தை அழையுங்கள்." கேட்டவர் அதைத் தம் வாயால் ஒரு முறை திருப்பிச் சொல்கிறார்: "பத்து மணிக்கு லாக்டேட், 22, 110, மேடம்."

இரண்டாவது வகையைக் கேட்டுக்கொண்ட மருத்துவருக்கு இரவு இரண்டு மணியின் குழப்பமே இல்லை. முடிவு எட்டு மணிக்கே அவர் கைக்கு வந்துவிட்டது. நோயின் தீவிரம், சுருக்கம், செய்ய வேண்டியவை, இப்படி ஆனால் இதைச் செய் என்ற முன்யோசனை, கேட்டவர் திருப்பிச் சொல்வது ஆகிய ஐந்தும் அடங்கிய இந்த முறை ஐ-பாஸ் எனப்படுகிறது. ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் நலப் பிரிவுகளில் இதைக் கற்பித்து நடைமுறைப்படுத்தியபோது மருத்துவத் தவறுகள் 23 விழுக்காடும், தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 விழுக்காடும் குறைந்ததாக 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. "நேரம் எங்கே இருக்கிறது?" என்று கேட்பவர்களுக்கு அதே ஆய்விலேயே பதிலும் உண்டு: ஒரு நோயாளிக்குச் சுமார் இரண்டரை நிமிடம், முன்பு ஆனதற்கும் பின்பு ஆனதற்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

நடைமுறைக்கு இவை தேவை: நிலையான நேரம், கதவுள்ள ஓர் அறை, அந்த அரை மணி நேரம் அவசரம் தவிர வேறெதற்கும் ஒலிக்காத தொலைபேசி, வாரத்தில் ஒரு முறையாவது ஓரமாக உட்கார்ந்து கேட்கும் மூத்த மருத்துவர் ஒருவர்.

படி 6: பணி நேரம்

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுவதாக 1997இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. பல நாடுகளில் வாகனம் ஓட்டத் தடைவிதிக்கும் அளவு அது. தீவிர சிகிச்சைப் பிரிவில் 24 மணி நேரத்தைத் தாண்டும் டியூட்டிகளைக் கொண்ட பழைய அட்டவணையில், அவை நீக்கப்பட்ட அட்டவணையைவிட முதலாண்டு மருத்துவர்கள் 36 விழுக்காடு கூடுதலாகக் கடுமையான தவறுகளைச் செய்தார்கள் என்று 2004இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அமெரிக்கா 2003இல் நாடு முழுவதற்கும் வாரம் 80 மணி நேர வரம்பை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் பயிற்சி மருத்துவர்களுக்கும் 48 மணி நேர வரம்பைக் கொண்டுவந்தது.

இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, நேரத்தைக் குறைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் 2020இல் வெளியான இன்னோர் ஆய்வையும் படிக்க வேண்டும். குழந்தைகளுக்கான ஆறு தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நீண்ட டியூட்டியை நீக்கிப் பார்த்தபோது தவறுகள் குறையவில்லை, கூடின. காரணம் தேடியபோது, புதிய அட்டவணையில் ஒரு மருத்துவரின் பொறுப்பில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை கூடியிருந்தது தெரிந்தது. அதைக் கணக்கில் கொண்டபோது அந்தத் தொடர்பு மறைந்துவிட்டது. ஆள் சேர்க்காமல் நேரத்தை மட்டும் குறைத்தால், களைப்பு போய் நெரிசல் வருகிறது. ஆகவே டியூட்டிப் பட்டியலில் மணி நேரத்துக்குப் பக்கத்திலேயே, தலைக்கு எத்தனை நோயாளிகள் என்ற எண்ணையும் எழுதுங்கள். அத்தோடு, நீண்ட டியூட்டி முடித்தவர் தாமே வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டாம். படுத்துத் தூங்க ஓர் அறை அல்லது வீடு சேர்க்க ஒரு வாகனம் மருத்துவமனையின் பொறுப்பு.

படி 7: மருந்துச் சீட்டும் சரிபார்ப்புப் பட்டியலும்

புதியவர்களின் கையெழுத்தில் முதல் நாளே திருத்த வேண்டியவை சில உண்டு. இன்சுலினை '10 யூ' என்று ஆங்கில எழுத்தில் சுருக்கி எழுதினால், அந்த எழுத்து சுழியமாகத் தெரிந்து 100 ஆகிவிடலாம். 'யூனிட்' என்று முழுதாக எழுதுங்கள். '.5' என்பதில் புள்ளி மங்கினால் 5 ஆகும், 0.5 என்று எழுதுங்கள். '1.0' என்பதில் புள்ளி மறைந்தால் 10 ஆகும். வெறும் 1 என்று எழுதுங்கள். அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடு குப்பிகளைப் பொது வார்டு அலமாரியில் வைக்கவே வேண்டாம். எந்த மருந்துக்கும் முன் நோயாளியின் பெயரையும் இன்னோர் அடையாளத்தையும் அவரே சொல்லக் கேளுங்கள், "நீங்கள்தானே இவர்?" என்று கேட்டால் பாதி மயக்கத்தில் இருப்பவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட, 19 அம்சங்கள் கொண்ட அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலை எட்டு நகரங்களில் பயன்படுத்தியபோது இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 ஆகவும் குறைந்தன. அதே பட்டியல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வந்தபோது பொருட்படுத்தத்தக்க மாற்றம் தெரியவில்லை என்று 2014இல் வெளியான ஆய்வு சொன்னது. இந்த வேறுபாட்டுக்கான காரணம், என் அனுபவத்தில், அறையில் இருப்பவர்கள் நின்று ஒருவரையொருவர் பார்த்துப் பேசுகிறார்களா, அல்லது அறுவை முடிந்த பிறகு ஒருவர் உட்கார்ந்து எல்லாக் கட்டங்களிலும் டிக் போடுகிறாரா என்பதில் இருக்கிறது. மிச்சிகன் மாநிலத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சென்ட்ரல் லைன் தொற்றைப் பெருமளவு குறைத்ததாக 2006இல் பதிவான திட்டத்திலும், கை கழுவுதல் உள்ளிட்ட ஐந்து எளிய நடைமுறைகளோடு, அவற்றில் ஒன்று தவறினால் மருத்துவரை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் செவிலியருக்கு வழங்கப்பட்டிருந்தது.

படி 8: தவறு நேர்ந்த பிறகு

முதலில் நோயாளியைக் காப்பாற்றுங்கள். அடுத்து, அவரிடமும் குடும்பத்தினரிடமும் நடந்ததைத் தெளிவாகச் சொல்லி வருத்தம் தெரிவியுங்கள். இளையவரைத் தனியே அனுப்பாமல் மூத்தவர் உடன் செல்ல வேண்டும். மூன்றாவதாக, அதே நாளில் அந்த இளம் மருத்துவரோடு ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும். தவறு செய்த மருத்துவரை 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000இல் எழுதியது காரணத்தோடுதான். அந்த இரவைத் தனியே சுமக்கும்படி விடப்பட்டவர்கள் இந்தப் பணியையே விட்டுச் சென்றதைப் பார்த்திருக்கிறேன்.

விசாரணையில் "யார்?" என்ற கேள்வி கடைசியாக வரட்டும். துளையுள்ள பாலாடைக்கட்டித் துண்டுகள் வரிசையாக நிற்க, துளைகள் நேர்க்கோட்டில் அமையும்போது மட்டுமே ஆபத்து அவற்றைக் கடந்து நோயாளியை அடைகிறது என்று உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் விளக்கியதை நினைவில் வையுங்கள். தீர்வுகளையும் வலுவைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள். "அனைவரும் கவனமாக இருக்க வேண்டும்" என்ற சுற்றறிக்கை இருப்பதிலேயே வலுவற்ற தீர்வு. மயக்கவியல் இயந்திரத்தில் ஆக்சிஜன் சிலிண்டருக்கான இடத்தில் நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டர் பொருந்தவே பொருந்தாது; ஊசிகளும் துளைகளும் வேறு இடங்களில் அமைந்திருக்கின்றன. தவறு செய்ய முயன்றாலும் செய்ய முடியாதபடி அமைப்பதே வலுவான தீர்வு.

அறிக்கைகளின் எண்ணிக்கை கூடினால் பாதுகாப்பு சீர்கெட்டுவிட்டதாக நிர்வாகம் பதற வேண்டாம். மருந்துத் தவறுகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் குழுக்களில் தவறுகள் கூடுதலாகப் பதிவாவதைக் கண்டு முதலில் வியந்தார். அங்கே இருப்பவர்கள் பேசத் தயங்காததால் தவறுகள் வெளியே வந்தன என்பது பின்னர் விளங்கியது. பதிவு செய்தவருக்கு, அவருடைய பதிவால் என்ன மாறியது என்று ஒரு மாதத்துக்குள் பதில் போக வேண்டும். பதில் வராத பெட்டியில் யாரும் இரண்டாவது முறை கடிதம் போடுவதில்லை.

படி 9: எதை அளப்பது

தொற்று விகிதம், எதிர்பாராத மரணங்கள், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றத் தாமதமானவை முதலியவற்றை எல்லோரும் அளக்கிறார்கள், அளக்கத்தான் வேண்டும். அவற்றோடு இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னெச்சரிக்கை மதிப்பெண் 7ஐத் தொட்ட நேரத்திலிருந்து மூத்தவர் படுக்கையருகே வந்த நேரம் வரை எத்தனை நிமிடம் என்பது ஒன்று. ஒவ்வொரு வார்டிலிருந்தும் இரவில் எத்தனை அழைப்புகள், யாரிடமிருந்து யாருக்கு, எதற்காக வந்தன என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். காலைக் கூட்டத்தில் துறைத் தலைவர் முதலில் திறக்க வேண்டியது அதைத்தான். நிறைய அழைப்புகள் வந்த வார்டில் அழைத்தவர்களுக்கு நன்றி சொல்லி, வேலைப்பளுவை விசாரியுங்கள். படுக்கைகள் நிரம்பியிருந்தும் வாரக் கணக்கில் ஓர் அழைப்பும் இல்லாத வார்டு ஏதேனும் இருந்தால், அன்றைய ரவுண்ட்ஸை அங்கிருந்து தொடங்குங்கள்.